ஒன்பது வீட்டுக்கும் ஒரே கொடி

மூன்று வாரமாக மொட்டைமாடியில் ‘பொத்’, ‘பொத்’தென்று சத்தம். ஒவ்வொரு முறையும் அடுப்பைக் குறைத்துவிட்டு ஓடுகிறேன். இன்று காலையும் ஓடினேன். கத்தரிக்கும் பச்சைமிளகாய்க்கும் நடுவில், கோழிமுட்டையைவிடக் கொஞ்சம் பெரிதாக, மஞ்சளாக ஒன்று உருண்டு கிடந்தது. அரிந்ததும் அந்தப் புளிப்பு மணம் அடுக்களை முழுக்க நிறைந்துவிட்டது. இதை உனக்குச் சொல்லாமல் இனி என்னால் இருக்க முடியாது. ஏட்டி, உன் பேஷன் ஃப்ரூட் காய்த்துவிட்டது.

குலசேகரத்தில் உன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டு நீ அந்தக் கொடித் துண்டை ஈரத்துணியில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்த நாள் நினைவிருக்கிறது. நம் இரண்டு மொட்டைமாடிக்கும் நடுவில் இடுப்பளவு சுவர்தான். சுவருக்கு அந்தப் பக்கம் சபைக்காரி நீ, இந்தப் பக்கம் மாதாகோயில்காரி நான். நீ விதையும் நாற்றுத் தைகளும் தந்தாய். நான் குளச்சல் துறைமுகத்திலிருந்து என் தம்பி கொண்டுவரும் பழைய தெர்மாகோல் மீன் பெட்டிகளையும் கிழிந்த வலைகளையும் தந்தேன். முதல் தடவை பெட்டிகளை நான் கழுவாமலே கொடுத்துவிட்டேன். உப்பில் உன் கத்தரி முழுக்கக் கருகிப் போனது. "ஏட்டி, எனக்க வழுதலங்காய நீ கருவாடாக்கிட்டியே" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். வேறு யாராவதாக இருந்தால் ஒரு மாதம் பேசியிருக்க மாட்டார்கள்.

கொடி அந்த வலையில் ஏறியது பார், அடேயப்பா. ஆறு மாதத்தில் உன் மாடி நிழலாகிவிட்டது. உனக்குத்தான் ஒன்று கிடைத்தால் தனியாக வைத்துக்கொள்ளத் தெரியாதே. வெட்டி வெட்டி எல்லோருக்கும் கொடுத்தாய். எனக்கு, எதிர்வீட்டு டீச்சருக்கு, தையல்காரிக்கு, பள்ளிவாசல் பக்கத்து வீட்டு மாமிக்கு. மொத்தம் ஒன்பது வீடு. ஒன்பது மொட்டைமாடியிலும் கொடி ஏறியது, பூத்தது. ஒரு வீட்டில்கூட ஒரு பிஞ்சு நிற்கவில்லை.

முதல் வருடம் வெயில்மேல் பழி போட்டோம். இரண்டாம் வருடம் கடல்காற்றின்மேல். நீ மீனும் கருப்பட்டியும் ஊறவைத்து ஊற்றினாய், தெருவே மூக்கைப் பிடித்தது. பூ உச்சிவெயிலில்தான் விரியும் என்பதால், காது குடையும் பஞ்சுக்குச்சியோடு மத்தியானம் சாப்பாட்டை விட்டுவிட்டு மாடியில் நின்றோம். என் வீட்டுப் பூவின் மகரந்தப் பொடியை உன் வீட்டுப் பூவில் தடவிவிட்டு, "பாரு, நாம சம்பந்திமாராச்சு" என்றாய். மூன்றாம் நாள் சம்பந்தம் முறிந்து பூவெல்லாம் தரையில் கிடந்தது.

உனக்கு அது விளையாட்டில்லை என்று எனக்குப் பிந்தித்தான் புரிந்தது. உன் சபையில் அறுப்பின் பண்டிகைக்கு எல்லோரும் முதல் விளைச்சலைக் கொண்டுபோய் வைப்பார்கள், ஆராதனை முடிந்ததும் அதை ஏலம் விடுவார்கள். அந்தக் கொடியின் முதல் பழம் ஆண்டவருக்கு என்று நீ நேர்ந்திருந்தாய். வருடாவருடம் சுரைக்காயோடு போய்த் தலைகுனிந்து வந்தாய். கைராசிக்காரி என்று ஊரே சொன்ன நீ ஒருநாள் உன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எனக்க கைக்கு என்னமோ ஆயிப்போச்சுட்டி" என்றாய். நான் கேலியாக, "ஆமா, கை கெட்டுத்தான் போச்சு" என்றேன். நீ சிரிக்கவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டாய். அதற்கு அடுத்த மாதம்தான் உன் நோய் இன்னதென்று தெரிந்தது. அந்த வார்த்தையைத் திரும்ப எடுக்க எனக்குச் சந்தர்ப்பமே வரவில்லை.

நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் கிடந்த பேச்சிப்பாறைக்காரி உனக்கு ஒரு பேஷன் ஃப்ரூட் தந்தாளாம். உனக்குச் சோறே இறங்காத நாள் அது. பழத்தை நக்கிப் பார்த்துவிட்டு, விதைகளை மாத்திரைக் கவரில் போட்டு எனக்காக எடுத்து வைத்திருந்தாய். "இதயும் போட்டு வையி. ஒண்ணு கூடுதலா கெடக்கட்டு" என்றாய். காய்க்காத கொடி ஒன்பது போதாதா, பத்தாவது எதற்கு என்று என் மனதுக்குள் எரிச்சல். ஆனாலும் வாங்கிக்கொண்டேன். உன்னை அடக்கம் பண்ணிய அடுத்த வாரம், நன்றாகக் கழுவிய மீன் பெட்டியில் விதைத்தேன்.

பழைய கொடிக்கு அப்போது நல்ல நேரம் இல்லை. குப்பை விழுகிறது, வெட்டிவிடலாம் என்றார் உன் வீட்டுக்காரர். "அண்ணே, ஒரு மழ கழியட்டு" என்றேன். மழை கழிந்ததும் இன்னொரு மழை என்றேன். அவரும் வற்புறுத்தவில்லை. அரிவாளை எடுத்து வைத்தவர் அதை மாடிக்குக் கொண்டுபோகவே இல்லை.

இந்த வருடம் உன் மாத்திரைக் கவர் கொடி முதல்முறையாகப் பூத்தது. இரண்டு நாள் கருவண்டு அங்கும் இங்கும் பறந்தது. பத்தாம் நாள் உன் மாடியில் பார்க்கிறேன், வலை முழுக்கப் பச்சைப் பச்சையாகப் பிஞ்சு. படியில் பாதி தூரம் வந்து திரும்பவும் ஏறிப் போய் எண்ணினேன். இருபத்திமூன்று. மறுநாள் எதிர்வீட்டு டீச்சர் போனில் கத்தினாள், "அக்கா, எனக்க வீட்டுலயும் பிடிச்சிருக்கு." அடுத்து தையல்காரி. பத்து நாளில் ஒன்பது வீட்டிலும்.

என்ன மாயம் என்று செடி விற்கும் நர்சரிக்காரர் ஒருவரிடம் போய்க் கேட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார். "ஒரு கொடிய வெட்டி வெட்டி நட்டா அது எல்லாம் ஒரே கொடிதான், அக்கா. இந்த மஞ்சள் ஜாதி சொந்தப் பொடியில காய்க்காது. விதையில மொளச்ச வேற ஒரு கொடி பக்கத்துல வேணும்." எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. சம்பந்தம் பேசினோமே, அதில் மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரே ஆள். நீ யாருக்கும் இல்லை என்று சொல்லாமல் கொடுத்ததால்தான் தெருவே காய்க்காமல் நின்றிருக்கிறது. கடைசியாக ஒரு கவர் கொடுத்தாயே, அதில் தெருவே காய்த்தும் விட்டது.

போன ஞாயிறு அறுப்பின் பண்டிகை. எங்கள் கோயிலில் காலைப் பூசை முடிந்ததும், உன் கொடிப் பழங்கள் நிறைந்த கூடையோடு உன் சபைக்குப் போனேன். உன் வீட்டுக்காரர் அதை வாங்கி முன்னால் வைத்தார். ஏலத்தில் அந்தக் கூடையை எடுத்ததும் டீச்சர் விலை கேட்டாள், தையல்காரி கூட்டிக் கேட்டாள். அவர்கள் வீட்டிலேயே பழம் கொட்டிக் கிடக்கிறது, என்னத்துக்கு இந்தப் போட்டி என்று தெரியாதவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் உன் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. அவர் கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஜெபம் முடியும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.

நேற்று முடுக்குச் சந்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் ஒரு கொடித் துண்டு கேட்டு வந்தாள். உன் கொடியில் பதியம் போட்டதையும் விதையில் முளைத்த தையையும் இரண்டு தொட்டியாக எடுத்து வைத்தேன்.

"ஒண்ணு போதும்லா அக்கா?"

"போதாது மக்கா. ரெண்டயும் கொண்டு போ."

இப்போது யாருக்கும் ஒன்றாகக் கொடுப்பதில்லை. இன்று அரிந்த பழத்தின் விதையையும் கழுவி, உன் மாத்திரைக் கவரிலேயே காய வைத்திருக்கிறேன். மருந்துக்கடைக்காரர் அதில் எழுதிய ‘காலை, இரவு’ இன்னும் அழியவில்லை. அன்றைக்குச் சுவரோரம் நின்று நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஒனக்க கைக்கு ஒண்ணும் ஆகல்ல, கேட்டியா.