ஆறு வீட்டு நெல்

பிரமாதீச வருஷம் (1913), புரட்டாசி 6

கார் அறுவடை முடிந்து களத்தில் தூசி அடங்கிவிட்டது. களஞ்சியம் முட்ட நெல். மத்தியானம் சாப்பிடும்போது என் வீட்டுக்காரி கோமு ஒன்று சொன்னாள், அதற்குமேல் சோறு இறங்கவில்லை. போன அடைமழையில் நம் வயலில் பாடுபடும் முத்துமாலை வீட்டில் பதினொரு நாள் அடுப்பு மூட்டவில்லையாம். மழையில் வேலை இல்லை. வேலை இல்லாத நாளுக்கு நெல் இல்லை. அந்தப் பதினொரு நாளும் நான் இதே பலகையில் உட்கார்ந்து ரசத்தில் புளி போதவில்லை என்று சண்டை போட்டிருப்பேன்.

உனக்கு யார் சொன்னது என்றேன். முத்துமாலை பெண்டாட்டி இசக்கித்தாய் சொன்னாளாம். "நீங்க கேட்டாத்தானே ஒங்ககிட்ட சொல்லுவாங்க" என்று மோரை ஊற்றிவிட்டுப் போய்விட்டாள்.

புரட்டாசி 7

கூடப்பிறந்த அண்ணாச்சியிடம் பேசிவிட்டேன். என் பங்கு வயலில் வேலை செய்யும் ஆறு வீட்டுக்கும் வெள்ளிக்கு வெள்ளி இரண்டு மரக்கால் நெல். வேலைக்கு வந்தாலும் உண்டு, வராவிட்டாலும் உண்டு. வந்தால் கூலி தனி.

வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார். "வயிறு நெறஞ்சவன் எவம்லே சேத்துல குனிவான்? அடுத்த போகம் பிசானத்துக்கு நாத்து நடுததுக்கு நீயும் நானும்தான் எறங்கணும்."

வருவார்கள் என்றேன். வரலைன்னா என்றார். வருவார்கள் என்று கத்தினேன். எனக்கு இந்தக் கோபம் ஆகாது; பேச்சில் பாதி அதிலேயே போய்விடுகிறது.

கோமு உள்ளே இருந்து எல்லாம் கேட்டிருக்கிறாள். "எனக்கும் சோறு உறுதிதான். நான் என்னைக்கு உக்காந்தேன்?" என்றாள். அது வேற என்றேன். என்ன வேற என்றாள். யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், என்ன வேற என்று வரமாட்டேன் என்கிறது.

புரட்டாசி 9

அண்ணாச்சி தாமே கூப்பிட்டு, "ஒன் இஷ்டம் போல செய்யி. அளந்து குடுக்குதது என் பொறுப்பு. ஒனக்கு மரக்கால் பிடிக்கத் தெரியுமா?" என்றார். கண் கலங்கிவிட்டது. அப்பா போனபோது எனக்கு ஆறு வயசு. தோளில் வைத்து வளர்த்தவர் தில்லைநாயகம் அண்ணாச்சி. களஞ்சியச் சாவி இன்றுவரை அவர் மடியில்தான், ஒருநாளும் நான் கேட்டதில்லை.

புரட்டாசி 13

முதல் வெள்ளி. ஆறு ஓலைப்பெட்டி. அண்ணாச்சி ஒவ்வொன்றையும் வாய் தைத்து நாரில் அவருக்கே உரிய இரட்டை முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். நான் தூரத்தில் வேப்பமரத்தடியில் நின்றேன். பக்கத்தில் நின்றால் கும்பிடு போடுவார்கள், கூச்சமாக இருக்கும். பொய் எதற்கு? கும்பிட மாட்டார்களா என்று எதிர்பார்த்துக்கொண்டுதான் நின்றேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஐப்பசி 12

நாற்றங்கால் பச்சைப் பசேல் என்று வந்திருக்கிறது. நாலு நாளாக மழை. இந்த வருஷம் முத்துமாலை வீட்டில் அடுப்பு எரியும். நிம்மதியாகத் தூங்கி எழுந்தேன்.

கார்த்திகை 3

ஒருத்தரும் வரவில்லை.

தொளி அடித்து, வயலைச் சேறாக்கித் தண்ணீர் கட்டி வைத்திருக்கிறது. இன்று நடுகை என்று முந்தாநாளே சொல்லி அனுப்பினேன். வெயில் ஏறுமட்டும் வரப்பில் நின்றேன். ஆறு வீட்டில் ஒரு வீடு? ஒரு ஆள்? அண்ணாச்சி வந்து பக்கத்தில் நின்றுகொண்டார். "நான் ஒண்ணும் சொல்லலைப்பா" என்றார். சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

கார்த்திகை 4

இன்றும் இல்லை. நாற்றுக்கு வயசு ஏறுகிறது. இன்னும் பதினைந்து நாள் போனால் நட்டும் பயனில்லை.

கார்த்திகை 5



நடந்தே போனேன், வாய்க்காலோடு கடைமடை வரைக்கும். அங்கே வேறொருவர் வயலில் ஆறு வீட்டுப் பெண்களும் வரிசையாகக் குனிந்து நடுகிறார்கள். ஆண்கள் நாற்றுமுடி சுமக்கிறார்கள். குலவை வேறு! சோம்பேறித்தனம் என்றால்கூடப் பொறுத்திருப்பேன். என் நெல்லத் தின்னுட்டு ஊரான் சேத்த மிதிக்கியளா? கேட்டேவிட்டேன், ஊரார் முன்னால், வரப்பில் நின்று. "ஏலே முத்துமாலை, எட்டு வாரமா தின்ன நெல்லு செரிச்சுட்டா?"

அவன் தலையிலிருந்த நாற்றுமுடியை இறக்கவில்லை. தண்ணீர் அவன் முகத்தில் வடிகிறது. இசக்கித்தாய்தான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். திருடனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். நான் திருடனா? யாருக்கு வந்த கேடு என்று அவனவன் இருக்கும்போது இதையெல்லாம் இழுத்துப் போட்டுக்கொண்ட எனக்கு இது வேண்டும்.

அண்ணாச்சி சொன்னதுதான் சரி.

கார்த்திகை 6

காலையில் களத்துமேட்டில் ஆள் அரவம். போய்ப் பார்த்தால் பெண்கள் ஓலைப்பெட்டிகளைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து இறக்கி அடுக்குகிறார்கள். நாற்பத்தெட்டுப் பெட்டி. ஒன்றிலாவது நார் அறுந்திருக்கவேண்டுமே? எல்லாவற்றிலும் அண்ணாச்சியின் இரட்டை முடிச்சு போட்டது போட்டபடி இருக்கிறது.

இசக்கித்தாய் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தள்ளி நின்று சொன்னாள்: "பாத்துக்கிடுங்கய்யா. ஒரு பிடி எடுக்கல. எங்க கைநாட்டத் திருப்பிக் குடுங்க."

என்ன கைநாட்டு என்றேன். வேப்பமரத்தடியிலிருந்து எனக்குப் பெட்டிதான் தெரிந்தது.

"பெட்டி வாங்கையில ஒவ்வொரு வெள்ளியும் காயிதத்துல வச்சமே, அது. ஒங்க பேருலதான் வாங்குதோம்னு பெரியய்யா சொன்னாவளே."

என் முகத்தைப் பார்த்து அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. பிறகு கொஞ்சம் பைய பேசினாள். இந்தப் பக்கத்து வழக்கம் எனக்குத் தெரியாததா? ஆள்நெல் வாங்கிக் கைநாட்டு வைத்தவன் அந்த வயலில் கால் வைத்துவிட்டால் அடிமைக்கு ஒப்புக்கொண்டதாகக் கணக்கு. அவனுக்குப் பின் அவன் பிள்ளைக்கும் அதே வயல்தான். "எங்க மாமனாரு கல்யாணத்துக்கு வாங்குன நெல்லுக்குத்தான் இவுக இன்னும் ஒங்க வயல்ல நிக்காவ. எங்க புள்ளையளும் நிக்கணுமா? பெரியய்யா நீட்டுனா வாங்கமாட்டோம்னு சொல்ல முடியாது. அதான் வாங்குனோம். திங்கல. ஒங்க வயல்ல எறங்கல."

சும்மா கொடுத்தது என்றேன், நான் சொல்லித்தான், சும்மா. வேலை செய்யாவிட்டாலும் நெல் என்று எந்தக் காலத்தில் எந்த முதலாளி கொடுத்தான், இவள் நம்ப?

இந்த எட்டு வாரத்தில் மழை நாளில் என்ன தின்றீர்கள் என்று கேட்டேன். சும்மாட்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டாள். வீட்டில் தொண்ணூற்றாறு மரக்கால் நெல்லை வைத்துக்கொண்டு, ஆறு வீடும் — பிள்ளைகளுமா?

கார்த்திகை 7

அண்ணாச்சி மறைக்கக்கூட இல்லை. தன் கைப்பெட்டியைத் திறந்து ஆறு பத்திரங்களையும் எடுத்துக் காட்டினார். எல்லாம் என் பெயரில். சங்கரசுப்பிரமணிய பிள்ளையிடம் ஆள்நெல் வாங்கிய வகையில் நானும் என் வாரிசுகளும் — அதற்குமேல் படிக்க முடியவில்லை. கீழே வரிசையாக எட்டெட்டு மைக்கறை.

"நீ குடுக்குத நெல்லு ஆத்துல போற தண்ணி. நான் அணை கட்டுனேன். யாருக்காவ? ஒனக்காவத்தான்லே" என்றார். நிஜமாகவே அப்படித்தான் நினைக்கிறார். என்னைத் தூக்கிய அதே தோளைத் தடவிக்கொண்டே சொல்கிறார். திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன்.

பத்திரத்தைக் கொடுங்கள் என்றேன். "தலைமடை வயல எம்பேருக்கு எழுதிக் குடுத்துட்டு எடுத்துக்கோ. ஒன் தர்மம் எம்புட்டு தூரம் போவுதுன்னு பாப்போம்."

கார்த்திகை 8

தலைமடை வயல். வாய்க்காலில் தண்ணீர் வந்தால் முதலில் நனைவது அதுதான். எந்தக் கோடையிலும் காய்ந்ததில்லை. என் பங்கில் உருப்படியான ஒரே நிலம்.

கார்த்திகை 9

கோமுவிடம் கேட்டேன். "எனக்கு என்ன தெரியும்" என்றாள். அப்படிச் சொன்னால் தெரியும் என்று அர்த்தம்.

எழுதிக் கொடுக்க மனசு வரவில்லை. அதை இங்கேயாவது எழுதிவைக்க வேண்டும். இரண்டு மரக்கால் நெல் கொடுக்கும்போது கர்ணன் மாதிரி இருந்தது. களஞ்சியத்தில் அது போனதுகூடத் தெரியாது, அதனால்.

கார்த்திகை 12

எழுதிக் கொடுத்தேன். அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்துப் பார்த்தார். என்னை நம்பவில்லை! பத்திரங்களை வாங்கிக்கொண்டு நேரே அவர்கள் குடியிருப்புக்குப் போனேன். பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிறேன், அந்தத் தெருவில் இன்றுதான் கால் வைக்கிறேன். படித்துக் காட்டினேன். கிழித்தேன். முத்துமாலை துண்டுகளைப் பொறுக்கி அடுப்பில் போட்டான். "எங்க அப்பாரு காயிதம்?" என்று கேட்டான். அது எனக்குத் தோன்றவே இல்லை. அதையும் கொண்டுவருகிறேன் என்றேன்.

கார்த்திகை 13

என் அப்பா காலத்தில் முத்துமாலையின் அப்பா வைத்த பத்திரத்தையும் தேடி எடுத்து மத்தியானமே கொடுத்துவிட்டேன்.

கார்த்திகை 14

ஒருத்தரும் வரவில்லை. வருவார்கள் என்று வரப்பில் போய் நின்றேன், வெட்கம் கெட்டவன். இத்தனை செய்தும் ஒரு நன்றி கிடையாதா? கேள்வி எழும்போதே அசிங்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுகிறது. அண்ணாச்சி தலைமடையில் ஆள் விட்டு நடுகிறார். யார் நடுகிறார்கள் என்று நான் பார்க்கப் போகவில்லை.

கார்த்திகை 15

நாற்று நுனி மஞ்சளாகிறது. விடிந்ததும் நானே இறங்கினேன். ஒரு முடி நடுவதற்குள் இடுப்பு விட்டுப்போயிற்று. வரப்பில் போனவர்கள் எல்லாம் நின்று நின்று பார்த்தார்கள். சங்கரசுப்பிரமணிய பிள்ளை பொம்பிளை வேலை செய்கிறாராம்.

முப்பத்தெட்டு வயசாகிறது. முப்பத்தெட்டு வருஷமும் இரண்டு வேளைச் சோறு உறுதி. வயிறு நிறைந்தவன் குனிவானா என்று அந்த ஆறு வீட்டை வைத்துப் பார்க்கக் கிளம்பினேனே. கோமு வெந்நீர் போட்டுக்கொண்டே, "நாளைக்கும் போவியளா?" என்றாள்.

கார்த்திகை 17

மூன்றாம் நாள். பாதி வயல்கூட ஆகவில்லை. காலையில் இசக்கித்தாய் கடைமடைக்கு வேலைக்குப் போகிற வழியில் வரப்பில் நின்றாள். வெகுநேரம் பார்த்தாள்.

"அம்புட்டு ஆழமா நட்டா அழுகிரும்யா" என்றாள்.

எனக்கு இவ்வளவுதான் தெரியும் என்றேன். சொன்னபோது கோபம் இருந்தது, அவளுக்கும் அது கேட்டிருக்கும். போகவில்லை. நட்டதையே பார்த்துக்கொண்டிருந்தாள், கோணலாகத் தைத்த சட்டையைப் பார்ப்பதுபோல. பிறகு கேட்டாள்:

"நெல்லு எதுவும் எங்க பேருக்கு அளக்கலியே?"

"இல்லை."

"காயிதம்?"

"இல்லை."

அதற்குப் பிறகுதான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வயலில் கால் வைத்தாள். நான் நட்டதைப் பிடுங்கினாள். மூன்று விரலால் மேலாகச் செருகிக்கொண்டே பின்னால் போனாள். நாலு வரிசை. சூரியன் பனைக்கு மேல் வந்ததும் வாய்க்காலில் கையைக் கழுவிக்கொண்டாள். கூலி என்று வாயெடுத்தேன். அவள் அதற்குள் வரப்பேறிவிட்டாள். என் கையில் ஏதாவது இருக்கிறதா என்று ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொண்டு வேகமாக நடந்தாள்.