சின்னத் தட்டின் வேகம்

மார்ச் 3

வாத்தியாருக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீங்களும் நன்றாகத்தான் இருப்பீர்கள். சத்தமில்லாத வீடு உடம்புக்கு நல்லது என்று சொல்கிறவர் நீங்கள்தானே. போனில் பேசினால் பாதியில் வெட்டிவிட்டு வகுப்பெடுக்க ஆரம்பித்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம்.

என்னைப் பற்றி மகளிடம் விசாரித்தீர்களாம். என்னிடமே கேட்டிருக்கலாம். பல்செட் செய்யும் எங்கள் லேப்புக்கு எதிர்ச்சந்தில், மாடியில் ஓர் அறை. பகல் முழுக்க யார் யாருக்கோ பல் ராவுகிறேன். சாயங்காலம் கதவை விரியத் திறந்துவைத்துப் பாட்டுப் போடுகிறேன். புது பிளேயர், புது ஸ்பீக்கர். அங்கே விட்டுவந்த இசைத்தட்டுகளில் பிடித்தவற்றை மறுபடி வாங்குகிறேன். போன வாரம் நாலு பெண்கள் வாசிக்கிற கச்சேரிக்குப் போனேன். நாற்காலியே கிடையாது. டிரம்ஸ் அடிக்கிறவளுக்கு நேர் எதிரே போய் நின்றுகொண்டேன். நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. பக்கத்தில் நின்ற பெண் என் நரையைப் பார்த்துவிட்டு, உட்கார இடம் பார்த்துத் தரட்டுமா என்று கேட்டாள். கால் வலித்தால் நீ போய் உட்காரம்மா என்றேன்.

கல்யாணமான புதிதில் நீங்கள் ஆசையாக வாங்கித் தந்த ஹெட்போன், துணியோடு துணியாகப் பெட்டியில் வந்துவிட்டது. ஆணியில் மாட்டியிருக்கிறேன். தொடுவதில்லை. இத்தனை வருஷமும் என் வீட்டிலேயே திருட்டுத்தனமாகப் பாட்டுக் கேட்டிருக்கிறேன், வாத்தியாரே. நான் ஸ்பீக்கர் வாங்கி வந்த அன்று கூடத்தில் நின்றுகொண்டு என்ன சொன்னீர்கள்? "ஒண்ணு இந்தச் சத்தம் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்." சரி, நீங்களே இருங்கள் என்று வந்துவிட்டேன். வருத்தமில்லை. கோபம் இருக்கிறது, அது வேறு.

பல்லுக்காரி


மார்ச் 14

பல்லுக்காரிக்கு,

கடிதம் கிடைத்தது. எழுத்துப்பிழை இல்லை, அதுவரை சந்தோஷம்.

ஒரு வகுப்புப் பிள்ளைகளின் இரைச்சலை நாள் முழுக்கத் தாங்கிவிட்டு வருகிறவன் வீட்டில் கொஞ்சம் அமைதி கேட்டது கொலைக்குற்றமா? ஐம்பது தாண்டிய பிறகு முட்டி தேய நின்றுகொண்டு கச்சேரி கேட்க வேண்டுமா என்று மகளும்தான் கேட்கிறாள். நான் மட்டும் பொல்லாதவன் இல்லை.

பிடிவாதம் போதும், வீட்டுக்கு வா. பின்னறையை உனக்காக ஒழித்துத் தருகிறேன். கதவைச் சாத்திக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கேள். நீ விட்டுப்போன பிளேயரையும் ஸ்பீக்கரையும் தூசி படியாமல் போர்வை போட்டு மூடியிருக்கிறேன். சமையல் சுமார்தான். அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

வாத்தியார்


மார்ச் 22

வாத்தியாருக்கு,

பின்னறை என்பது பெரிய சைஸ் ஹெட்போன். எனக்கு வேண்டாம்.

கூடத்தில் செய்தி அலறலாம், மேட்ச் அலறலாம், உங்கள் நண்பர்கள் வந்து அரசியல் பேசி அலறலாம். என் பாட்டு மட்டும் சத்தம், இல்லையா? நான் சம்பாதித்து, நான் தேடி வாங்கிய தட்டுகள். ஒன்றையாவது உறையிலிருந்து எடுத்துப் பார்த்ததுண்டா? மகளிடம் சொல்லுங்கள், அடுத்த கச்சேரிக்கும் போகிறேன், முன்வரிசையில்தான் நிற்பேன்.

முதலில் அந்தப் போர்வையை எடுங்கள். செத்துப்போனதை மூடிவைத்த மாதிரி எழுதியிருக்கிறீர்கள். ஒரு தட்டையாவது முழுசாகக் கேளுங்கள். கேட்ட பிறகு எழுதுங்கள். கேட்காமல் எழுதினால் பிரிக்க மாட்டேன்.

பல்லுக்காரி


மே 9

பல்லுக்காரிக்கு,

கேட்டுவிட்டேன்.

வரிசையில் முதலில் இருந்த சின்னத் தட்டு. உறையில் குருவிப் படம் போட்டது. ஒரு பாட்டுத்தானே, சீக்கிரம் முடிந்துவிடும் என்றுதான் எடுத்தேன். அந்த ஆளுக்கு என்ன கனமான குரல். ஒவ்வொரு சொல்லையும் தூக்க முடியாமல் தூக்கிவைக்கிறான். நின்றபடி கேட்க ஆரம்பித்தவன் பாதியில் உட்கார்ந்துவிட்டேன். வீடு காலியாகக் கிடப்பது அப்போதுதான் உறைத்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அழுதேன்.

அன்றிலிருந்து தினமும் போடுகிறேன். நேற்று மேல்வீட்டு என்ஜினியர் இறங்கி வந்து, சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கக் கூடாதா என்று பணிவாகத்தான் கேட்டார். எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ தெரியவில்லை. "கொறைக்க முடியாது. இது எங்க வீட்டம்மா பாட்டு. இப்படித்தான் கேக்கும்" என்று சொல்லிவிட்டேன்.

டிவி பின்னறைக்குப் போய்விட்டது. உன் பிளேயர் கூடத்தில் இருக்கிறது, போர்வை இல்லாமல்.

வாத்தியார்


மே 16

என் வாத்தியாருக்கு,

அந்த ஆள் ஆம்பிளையே இல்லை. இருபது வயதுப் பெண். கீச்சுக்குரலில் துள்ளித் துள்ளிப் பாடுவாள். குதித்து ஆடுகிற பாட்டு அது. சின்னத் தட்டுக்கு வேகத்தைக் கூட்ட வேண்டும், பிளேயர் ஓரத்தில் ஒரு சின்ன விசை இருக்கிறது. பெரிய தட்டின் வேகத்தில் மெதுவாகச் சுற்றவிட்டால் பெண்குரலும் ஆண்குரலாகக் கனத்துவிடும். ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிறவர், ஆட்டப் பாட்டைக் கேட்டு அழுதிருக்கிறீர்கள். லேப்பில் உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில், வைத்திருந்த பல்செட் கைதவறிக் கீழே விழுந்தது.

அறைக்கு வந்து, என்னிடம் இருக்கிற அதே தட்டை உங்கள் வேகத்தில் போட்டேன். நீங்கள் சொன்ன ஆள் வந்தான். அப்புறம் எனக்குச் சிரிப்பு வரவில்லை. விசையைத் தொடாதீர்கள், அப்படியே இருக்கட்டும்.

ஆனால் ஒன்று. இந்த அறையைக் காலி செய்ய மாட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வருவேன், கூடத்தில் பாட்டுப் போடுவேன், கதவு திறந்திருக்கும். திங்கட்கிழமை காலையில் கிளம்பிவிடுவேன். அடுத்த கச்சேரிக்கு நீங்களும் வரலாம். நின்றுதான் கேட்க வேண்டும். முட்டி வலிக்கிறது என்று என்னிடம் சொல்லக் கூடாது. இதற்கெல்லாம் சம்மதமென்றால் பதில் எழுத வேண்டாம், சனிக்கிழமை கதவைத் திறந்துவையுங்கள்.

இத்துடன் வருகிற பார்சலில் ஹெட்போன் இருக்கிறது. மேல்வீட்டு என்ஜினியரிடம் கொடுத்துவிடுங்கள். காதை மூடிக்கொள்ளட்டும்.

உங்கள்
பல்லுக்காரி