குறையில்லாத சாட்சி

போனக்காடு எஸ்டேட்
9-8-1937

கர்த்தருக்குள் பிரியமான அண்ணன் அவர்களுக்கு, தங்கை சரோஜம் ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. தேவகிருபையால் இங்கே மழைக்கும் அட்டைக்கும் ஒரு குறைவுமில்லை. எலிசாள் மைனி சுகந்தானா? மைனி கொடுத்தனுப்பிய நார்த்தங்காய் ஊறுகாய் தீர்ந்து, பரணியைக் கழுவிக் கவிழ்த்தும் ஆயிற்று. இதைக் கேட்பதாக நினைக்க வேண்டாம். நினைத்தாலும் தப்பில்லை.

உங்கள் மாப்பிள்ளையைப் பற்றித்தான் எழுத வேண்டும். ஃபாக்டரியில் டீமேக்கர் வேலை பார்க்கிறவருடைய குணம் உங்களுக்குத் தெரியும். இலை வாடியது கொஞ்சம் கூடிப்போனாலும் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. அந்தக் குணத்தை இப்போது ஜெபத்திலும் காட்டுகிறார். வித்துராவில் திரவியம் பிரதர் நடத்துகிற ஜெபக்கூட்டத்துக்கு ஞாயிறு தவறாமல் போகிறார். அங்கே பூரண விசுவாசம் என்று போதிக்கிறார்கள். கர்த்தரை நம்புகிறவன் மருந்தை நம்பக்கூடாதாம். போன வாரம் வீட்டிலிருந்த குப்பியையெல்லாம் எடுத்து ஓடையில் கவிழ்த்தார். தலைவலித் தைலம்கூடத் தப்பவில்லை.

"முக்கால் விசுவாசம்னு ஒண்ணு உண்டா சரோஜம்? பானையில ஒரு ஓட்டை இருந்தாலும் தண்ணி நிக்காது, கேட்டியா?" என்கிறார். கம்மலைக் கழற்றச் சொன்னார், கழற்றினேன். அதில் எனக்கு வருத்தமில்லை.

வருத்தம் வேறு. நம் சுசீலாபாய்க்கு ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர்காய்ச்சல். நாலு வயதுப் பிள்ளை நடுங்குகிற நடுக்கத்தில் கட்டிலே ஆடுகிறது. அவர் பக்கத்தில் முழங்காலில் நிற்கிறார். அவரும் அழுகிறார் அண்ணன், அழாமலில்லை. நான் என்ன செய்ய?

தங்கை
சரோஜம்


திருவனந்தபுரம்
13-8-1937

அன்புள்ள தங்கச்சி சரோஜத்துக்கு, அண்ணன் அருமைநாயகம் எழுதுவது. இங்கே யாவரும் சுகம். தேயிலைப் பெட்டி இறக்க வந்த லாரிக்காரர் கையில் ஊறுகாயும் குளிர்காய்ச்சலுக்குக் கொயினா மருந்தும் கொடுத்திருக்கிறேன். ஊறுகாயை மாப்பிள்ளையிடம் காட்டு, கொயினாவைக் காட்டாதே. அவர் ஃபாக்டரிக்குப் போன பிறகு கருப்பட்டியில் குழைத்துப் பிள்ளைக்குக் கொடு. கசக்கும், துப்புவாள். மூக்கைப் பிடித்து ஊட்டு.

பூரணம் பூரணம் என்கிறாரே. நான் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக மருந்து கலக்க வந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. அடியில் கொஞ்சம் மண்டி நிற்காத மிக்சரை இதுவரை கலக்கியதில்லை. குலுக்கிக் குடி என்று சீட்டு ஒட்டிக் கொடுக்கிறோம், காய்ச்சல் இறங்குகிறது. மனுஷன் காரியம் அவ்வளவுதான். கர்த்தருக்கு அது தெரியாதா?

ஆனால் நீ அவரோடு தர்க்கம் பண்ணாதே. நல்ல மனுஷன், பிடிவாதம் ஒன்றுதான் கெடுதல். முதலில் பிள்ளை எழும்பட்டும். பிறகு நான் நேரில் வந்து அவரிடம் பேசிக்கொள்கிறேன்.

அண்ணன்
அருமைநாயகம்


போனக்காடு
6-9-1937

பிரியமான அண்ணனுக்கு, ஸ்தோத்திரம். சுசீலா எழும்பிவிட்டாள். காய்ச்சல் விட்டுப் பதினைந்து நாளாகிறது. கருப்பட்டி என்று சொன்னால் மட்டும் கட்டிலுக்கடியில் ஓடி ஒளிகிறாள்.

போன ஞாயிறு எங்களை வித்துராவுக்குக் கூட்டிப்போனார். கூட்டத்துக்கு நடுவே பிள்ளையைத் தோளில் தூக்கி வைத்துச் சாட்சி சொன்னார். "மருந்தில்லை, மாத்திரையில்லை, கர்த்தர் மட்டும்" என்று சொல்லும்போது குரல் உடைந்து அப்படியே நின்றுவிட்டார். பெண்களெல்லாம் தேம்பித் தேம்பி அழுதார்கள். திரவியம் பிரதர் அவரைக் கட்டிப்பிடித்து, "சுவாமிதாஸ் பிரதர் பூரணப்பட்டாரு" என்றார். வெள்ளைச் சேலை உடுத்துக்கொண்டு முன்வரிசையில் நின்று நானும் கைதட்டினேன். என்னைப்போல ஒரு கள்ளி உண்டா?

திரும்பி வரும் வழியில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. சந்தோஷம் தாங்கவில்லை என்று நினைத்தேன். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று தினமும் வாயெடுக்கிறேன். சொன்னால் அந்த முகம் என்னாகுமோ என்று பயந்து விழுங்கிவிடுகிறேன். நீங்கள் வந்து பேசுகிறேன் என்றீர்களே, எப்போது வருகிறீர்கள்?

தங்கை
சரோஜம்


போனக்காடு
18-10-1937

அண்ணனுக்கு, அவசரமாக எழுதுகிறேன். இப்போது அவருக்குக் காய்ச்சல். சுசீலாவுக்கு வந்ததைவிடக் கடுமை. கண் மஞ்சளாகிவிட்டது. எஸ்டேட் கம்பவுண்டர் ஊருக்குப் போன இடத்தில் மழையில் மாட்டிக்கொண்டார். ஜெபிக்க வந்த திரவியம் பிரதர் கீழே போக முடியாமல் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் தங்கியிருக்கிறார், நாளெல்லாம் வந்து வந்து ஜெபிக்கிறார்.

"சுசீலாவை எழுப்பினவரு என்னை எழுப்பமாட்டாரா?" என்று இவர் என்னிடமே கேட்கிறார். நான் பிள்ளையைக் காப்பாற்றியதே இவர் கையைக் கட்டிப்போட்டுவிட்டதே அண்ணன்! இவரைக் கருப்பட்டி காட்டி ஏமாற்றவும் வழியில்லை. தேயிலைத் தண்ணீரை நாக்கில் வைத்ததும் எந்தச் சரிவில் பறித்த இலை என்று சொல்கிறவர். எப்படியாவது வாருங்கள்.

சரோஜம்


வித்துரா
21-10-1937

அன்புள்ள சரோஜத்துக்கு, உன் கடிதம் கிடைத்த அன்றே லீவு போட்டுப் புறப்பட்டேன். வித்துராவுக்கு மேலே மலை சரிந்து ரோடு போய்விட்டது. ஆற்றைத் தாண்டித்தான் வரவேண்டும். இரண்டு தடவை இறங்கினேன். இரண்டு தடவையும் தண்ணீர் அடித்துக்கொண்டு போய், ஆட்கள் இழுத்துக் கரையில் போட்டார்கள். தபால்காரன் பூதலிங்கம் மட்டும் கயிற்றைப் பிடித்துத் தாண்டுகிறான், அவனுக்கு அது பழக்கம். அவனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

இனி ஒளிக்காதே. உண்மையைச் சொல். அண்ணன்தான் செய்யச் சொன்னான் என்று பழியை என்மேல் போடு. அவர் என்னோடு ஆயுசுக்கும் பேசாவிட்டாலும் சரி. ஆனால் நினைவு தப்புவதற்கு முன்னால் மருந்து உள்ளே போக வேண்டும். தப்பிவிட்டால் வாய்வழியாக இறங்காது, ஊசிதான். ஊசி என் பையில் இருக்கிறது, நான் இக்கரையில் இருக்கிறேன். தண்ணீர் வடிவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன் தங்கச்சி. வேறு ஒன்றும் செய்ய முடியவில்லை.

அண்ணன்


போனக்காடு
25-10-1937

அண்ணன் அவர்களுக்கு,

இனி ஆற்றில் இறங்க வேண்டாம். அவர் நேற்றுக் காலையில் போய்விட்டார். மழையில் வைத்திருக்க முடியாமல் நேற்றே அடக்கம் செய்தோம். வழி திறந்த பிறகு வந்தால் போதும்.

உங்கள் கடிதம் வந்த அன்றே, யாரும் இல்லாத நேரம் பார்த்து அவரிடம் சொன்னேன். நீங்கள் சொன்னபடி பழியை உங்கள்மேல் போடவில்லை, என்மேலேயே போட்டுக்கொண்டேன்.

"எனக்குத் தெரியும்" என்றார்.

"எப்ப தெரியும்?"

"அப்பவே. பிள்ளைக்கு முத்தம் கொடுத்தேன், உதட்டுல கொயினா கைச்சது."

"தெரிஞ்சுமா அவ்வளவு பேருக்கு முன்னால சாட்சி சொன்னீங்க?" என்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டார். "பிள்ளை பிழைச்ச சந்தோஷத்துல சொல்லிப்போட்டேன் சரோஜம். எல்லாரும் அழுதாங்க. பிறகு அதை எப்படித் திருப்பி எடுக்க? இப்ப நான் மருந்தில்லாம எழும்பினா, சொன்னது பொய்யில்லாம ஆயிரும்" என்றார்.

சுசீலாவுக்குக் கொடுத்து மிச்சமிருந்த மருந்தைக் கரண்டியில் கலக்கி நீட்டினேன். பல்லைக் கடித்துக்கொண்டார். காலைப் பிடித்து அழுதேன். பிள்ளையைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தினேன். அவளைப் பார்த்து அவரும் அழுதார். கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நினைவு தப்பின பிறகு நீ என்ன செய்தாலும் எனக்குத் தெரியாதே" என்றார்.

அண்ணன், அவருக்குப் பிழைக்க ஆசை இருந்தது.

"அப்ப தொண்டையில இறங்காது, அண்ணன் எழுதியிருக்காங்க, இப்பவே குடிங்க" என்று கெஞ்சினேன். சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் நினைவு தப்பியது. கொடுத்தேன். கரண்டி கரண்டியாகக் கொடுத்தேன். கழுத்தை நீவிவிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து சொல்லாத பேரைச் சொல்லிக்கூடக் கூப்பிட்டேன். எல்லாம் கடைவாய் வழியாக வழிந்து தலையணையில் போயிற்று. பிரதர் ஜெபிக்க வருவதற்குள் உறையை மாற்றிவைத்தேன்.

திரவியம் பிரதர் குழிக்கரையில் நின்று பிரசங்கித்தார். "இந்தச் சகோதரன் பூரணனாப் போயிருக்கான். ஒரு சொட்டு மருந்து இவன் தொண்டையில இறங்கல்ல" என்றார்.

அதில் பொய் ஒன்றுமில்லை அண்ணன். எல்லோரோடும் சேர்ந்து நானும் ஆமென் சொன்னேன்.

சரோஜம்