ரெண்டு பங்களா, ஒரு சம்பந்தம்

1934 அக்டோபர் 7, ஞாயிறு
ஜெபமாலை மாதா திருநாள். பூசை முழுக்க ஜூடித் கல்யாணத்தைப் பத்தியே மாதாகிட்ட பேசிட்டிருந்தேன், பிரசங்கம் காதுலே விழலே. தம்பி பொண்ணுக்கு இருபத்திநாலு ஆயிடுச்சு. மூணு சம்பந்தக்காரங்க வீடு பாக்க வந்தாங்க. துரை பங்களாவுக்குப் பின்னாலே பட்லரா இருக்கிற தம்பிக்குக் கொடுத்த ரெண்டு ரூமைப் பாத்தாங்க, காப்பியைக் குடிச்சாங்க, போயிட்டாங்க. அதான் கோல்டு ஃபீல்ட்ஸ் தங்கச் சுரங்கத்துச் சம்பந்தத்துக்கு நானே லெட்டர் எழுதிட்டேன் — காக்ஸ் டவுன் பங்களாவிலே இருக்கோம்னு. பொய்யா? இருக்கோமே! முன்னாலயா பின்னாலயான்னு எவன் கேட்டான்?

அக்டோபர் 10
பதில் வந்துடுச்சு. மாப்பிள்ளை டொமினிக், சுரங்கத்துப் பட்டறையிலே ஃபிட்டர். அவன் அம்மா பிரிஜெட் எழுதியிருக்கா — அவங்களும் பங்களாவாம்! கல் கட்டடமாம்! மாதா வாரிக் கொடுத்துட்டா. முதல்லே நாம போய் வீடு பாக்கணும். தம்பி ஆம்ப்ரோஸுக்கு லீவு இல்லே. "நீயே போக்கா. ஆனா கொஞ்சமா பேசு"ங்கிறான். நான் என்னிக்கு அதிகமா பேசினேன்?

அக்டோபர் 14, ஞாயிறு
போயிட்டு வந்தேன். இடுப்பு விட்டுப்போச்சு. பௌரிங்பேட்டையிலே ரயில் மாறணும்.

ஊரு என்ன ஊரு! துரைங்க கிளப்பு, ஆஸ்பத்திரி, கோவிலு, எல்லாம் சீமையிலேருந்து பேத்துட்டு வந்து நட்ட மாதிரி. பள்ளத்திலே லைன் வீடுங்க — மூங்கில் தட்டி, தகரம். தங்கம் எடுக்கிறவன் தட்டிக்குள்ளே இருக்கான்.

பிரிஜெட் பங்களாவிலே வெராண்டாவே எங்க தெரு நீளம். ஹால்லே குளிர்காயக் கணப்பு வேற. "உக்காருங்க சம்பந்தி"ன்னா. அவ சோபா நுனியிலே உக்காந்தா. நானும் நுனியிலே. டீ குடிச்சோம். அவ எழுந்தா — எழுந்த கையோட மெத்தையிலே பள்ளம் தெரியாம தடவி விட்டா.

சொந்த வீட்டுக்காரி எவ தடவுவா? அடிப்பாவி, நீ இந்த வீட்டு ஆயா!

கேட்டுடணும்னு எழுந்தேன். பாத்தா என் கையும் மெத்தையைத் தடவுது.

அவ பாத்தா. நான் பாத்தேன். ரெண்டு பேரும் மழையைப் பத்திப் பேசினோம்.

ஸ்டேஷன்லே வழியனுப்ப வந்த டொமினிக் என்கிட்ட சொன்னான், "அம்மா, எனக்கு லைன் வீடுதான். ஜூடித்கிட்ட சொல்லிடுங்க."

அக்டோபர் 15
சொல்லிட்டேன். "அவரே சொன்னாரா அத்தே?"ன்னு ரெண்டு தரம் கேட்டா. "அப்போ எனக்குச் சம்மதம்."

அக்டோபர் 20
பாவசங்கீர்த்தனம். என் பொய்யைச் சொன்னேன், பிரிஜெட் பொய்யையும் சேத்துச் சொன்னேன். "உன்னுதை மட்டும் சொல்லும்மா"ன்னாரு சாமியார்.

அக்டோபர் 21, ஞாயிறு
அவங்க வீடு பாக்க வர்ற நாள். துரை கிளப்புக்குப் போயிட்டாரு, மத்தியானம்தான் வருவாருன்னு ஆம்ப்ரோஸ் பங்களா ஹால் சாவியை நீட்டினான். வாங்கி ஆணியிலே மாட்டிட்டேன். கேட்லேருந்து நேரா பின்பக்கம் கூட்டிட்டு வந்தேன்.

பிரிஜெட் ரெண்டு ரூமையும் ஒரு தரம் பாத்தா. பாயிலே காலை நீட்டி உக்காந்தா. "சம்பந்தி, கறிக்குழம்பு வாசனை கேட் வரைக்கும் வருதே"ன்னா. மூணு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டா.

அடுத்த ஞாயிறு கோவில்லே கல்யாணத்துக்கு முதல் ஓலை வாசிக்கிறாங்க.

அவ எழுந்த இடத்திலே பாய் கசங்கிக் கிடந்தது. தடவவே இல்லே.