சமாதானம் ஆகாமல் கயிறு அவிழ்ப்பதில்லை

என் அன்பு அப்பாவுக்கு,

நேற்றும் கனவில் நம் படகு வந்தது. வீட்டுக்குள்ளேயே தண்ணீர். அலை இல்லை, சத்தம் இல்லை. நீங்கள் எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்று கைகூப்பிக்கொண்டிருந்தீர்கள். யாரை நோக்கி என்று தெரியவில்லை.

அந்தமானில் நம் ஜங்லிகாட் துறையில் இன்னும் உங்கள் பேச்சுதான். தேவாலயப் பூசையில் பக்கத்தில் இருப்பவரை நோக்கிக் கைகூப்பிச் சமாதானம் சொல்வதை, நீங்கள் படகுத்துறைக்கும் கொண்டுவந்துவிட்டீர்கள். ஒவ்வொருவரையும் பார்த்து ஒரு கும்பிடு, பிறகுதான் எஞ்சின். யாரோடாவது மனத்தாங்கல் என்றால் கயிறு அவிழாது. "பூஜா கதம் ஆச்சா சேட்?" என்று, பூசை முடிந்ததா முதலாளி என்று, மற்ற படகுக்காரர்கள் பாதி இந்தியில் கேட்டுச் சிரிப்பார்கள். நம் ஊர்க் கிறிஸ்தவர்கள்தான் அதிகம் சிரித்தார்கள், இல்லையா?

நீங்கள் கண்மூடிய பிறகு படகை நான் பார்க்கிறேன். புதுச்சேரியில் படித்ததெல்லாம் இதற்கு உதவவில்லை. கடலுக்குப் போவதில்லை. துறையில் நின்று, நம் படகில் போகும் நான்கு பேரையும் கைகூப்பி அனுப்புகிறேன். உங்கள் அளவு விசுவாசம் எனக்கு இருக்கிறதா? தெரியாது. கை மட்டும் தானாகக் கூடுகிறது.

போன வாரம் நம் ஊர்க்காரர் மிக்கேல் மாமாவின் வலையும் நம் வலையும் கடலில் சிக்கிக்கொண்டன. அவர் நம்முடையதை அறுத்துவிட்டுத் தன்னுடையதை எடுத்துக்கொண்டார். இங்கே இதற்கு ஒரே பதில்தான் உண்டு. மறுநாள் அவர் வலையை நாம் அறுக்க வேண்டும். நம் படகு டிரைவர் அப்பாராவ் கத்தியைத் தீட்டிக்கொண்டே வந்தார்.

வேண்டாம் என்றேன். பேசிவிட்டு வருகிறேன், அதுவரை படகு போகாது என்றேன்.

"அறுத்தது அவன். கும்பிடறது நாமளா?" என்றார். "சரி. இந்த சண்டே வரைக்கும் பார்ப்பேன் பாப்பா. அப்புறம் நாங்க நாலு பேரும் வேற போட்டுக்குப் போயிடுவோம். எங்க வீட்லயும் அடுப்பு எரியணும் இல்ல?"

அதில் தவறு என்ன? நான்கு வீட்டு அடுப்பை என் ஒரு கும்பிடுக்காக அணைக்கலாமா, அப்பா?

மிக்கேல் மாமா தன் வீட்டு வாசலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். "சமாதானம் மாமா" என்று கைகூப்பினேன். அவர் நிமிரவில்லை.

"அறுத்தது நாந்தான். நீ எதுக்குக் கும்பிடுத? நாலு வார்த்தை ஏசிட்டுப் போ. ஒங்கப்பனும் இப்படித்தான். மனுசன நிம்மதியா சண்டை போட விடமாட்டான்."

உள்ளிருந்து மாமி சிரித்தார். மாமா கைகூப்பவில்லை. திரும்பி வந்தேன். படகு கட்டியே கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் எனக்கு முன் வரிசையில் அவர். சமாதானம் சொல்லும் நேரம். வலப்பக்கம் திரும்பினார், இடப்பக்கம் திரும்பினார். பின்னால் திரும்பவில்லை. அவர் கழுத்தை நோக்கிக் கைகூப்பி நின்றேன். வெயிலில் கறுத்த, சுருக்கம் விழுந்த கழுத்து. உங்கள் கழுத்து மாதிரியே இருந்தது.

இன்று விடியலில் நான்கு பேரும் வந்தார்கள், தங்கள் சாமான்களை எடுத்துப் போக. யாரும் என்னைப் பார்க்கவில்லை. தண்ணீர் பால்போல வெளுத்துக் கிடந்தது. பாதி கனவுக்குள் நிற்பதுபோல இருந்தது எனக்கு.

அப்போது மிக்கேல் மாமாவின் படகு நம் படகை ஒட்டி வந்தது. எஞ்சின் சத்தம் தணிந்தது. அவர் முகம் கடலைப் பார்த்தபடியே இருந்தது. ஒரு கை மட்டும் மெல்ல எழுந்து நெஞ்சருகே நின்றது. பிறகு படகு போய்விட்டது.



"ஒரு கைதானே வந்தது" என்றார் அப்பாராவ். "இது செல்லுமா பாப்பா?"

"இன்னொரு கை சுக்கான்ல இருந்துச்சு அண்ணா."

அவர் யோசித்தார். தோளில் மாட்டியிருந்த பையை இறக்கிப் படகுக்குள் வைத்தார். திரும்பி என்னைப் பார்த்துக் கைகூப்பினார். அவர் முந்திக்கொண்டது இதுவே முதல் தடவை.

கயிற்றை நான்தான் அவிழ்த்தேன், அப்பா. நாளையும் அவிழ்ப்பேன், எல்லோர் முகத்தையும் பார்த்த பிறகு. பாதிக் கும்பிடு வந்தால் மீதியை நான் போட்டுக்கொள்கிறேன்.

கரையில் நிற்கும் உங்கள் மகள்,
ஸ்டெல்லா