சிவக்காத தக்காளி

வால்பாறை
10-9-1995

அன்புள்ள மாமாவுக்கு,

குளிரையும் அட்டைக்கடியையும் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் இருமல் எப்படி இருக்கிறது?

இந்த எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் வேலைக்கு நான் கிளம்பிய அன்று, “போறதுன்னா போ அம்மணி, நா அந்த மலையில கால் வெக்க மாட்டேன்” என்றீர்கள். லீவு கிடைத்தபோதெல்லாம் நான்தான் இறங்கி வந்தேன். என் அறைக்கு ஜன்னல் எந்தப் பக்கம் என்றுகூட உங்களுக்குத் தெரியாது. இனி நான் வருவதாக இல்லை.

இத்துடன் தக்காளி விதை மடித்து வைத்திருக்கிறேன். கூட வேலை பார்க்கும் ஜன்னத் அக்காவின் தம்பி கப்பலில் வெளிநாடு போனபோது வாங்கியதாம். ஒரு பழமே கைக்கு அடங்காதாம். வீட்டுக்குப் பின்னால் பொடக்காணியில் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் போடுங்கள். முதல் பழம் பழுத்ததும் நீங்களே எடுத்துக்கொண்டு மேலே வர வேண்டும்.

உங்கள்
பொற்கொடி

பெரியநாயக்கன்பாளையம்
5-11-1995

அன்புள்ள பொற்கொடி,

இருமல் தேவலை. விதை முளைத்து, செடி என் இடுப்புக்கு வந்துவிட்டது. காய் கனம் தாங்காதென்று மூங்கில் நட்டு, பட்டறையில் லேத் துடைக்கும் துணியைக் கிழித்துக் கட்டினேன். பக்கத்து வீட்டுப் பூவாத்தாள் அக்கா எட்டிப் பார்த்து, “ஏனுங் தம்பி, பொண்டாட்டிய ஒரு நாளாச்சும் இப்புடிப் பாத்திருப்பீங்களா?” என்று கேட்டது. காதில் விழாதது போல் உள்ளே போய்விட்டேன்.

பழுக்கட்டும், பொங்கலுக்கு வாரேன்.

கதிர்

பெரியநாயக்கன்பாளையம்
12-1-1996

அன்புள்ள பொற்கொடி,

காய் ஒவ்வொன்றும் குட்டிப் பூசணி போல இருக்கிறது. ஆனால் ஆரஞ்சு நிறத்துக்கு வந்து அப்படியே நிற்கிறது. நம் ஊர்த் தக்காளி என்றால் அதற்குள் சிவந்திருக்கும். இரண்டு சிவக்காமலே அழுகி விழுந்துவிட்டன. ஏதோ நோய் என்று சாம்பல் தூவியிருக்கிறேன். வெறுங்கையோடு வர மனசில்லை. பொங்கலுக்கு வர முடியாது, சிவந்ததும் வருகிறேன்.

கதிர்

வால்பாறை
18-1-1996

மாமாவுக்கு,

உங்கள் கடிதம் பொங்கல் கழிந்துதான் கைக்கு வந்தது. அது தெரியாமல், பொங்கலன்று பொள்ளாச்சியிலிருந்து வந்த பஸ்ஸையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றேன். ஜன்னத் அக்கா வந்து கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். அன்று அவர் வீட்டில்தான் சாப்பிட்டேன்.

தை பிறந்தும் பழுக்காத தக்காளியை நான் கேள்விப்பட்டதில்லை. வரப் பிடிக்கவில்லை என்றால் நேராகவே எழுதியிருக்கலாம். செடிமேல் ஏன் பழி? இனி எனக்குக் கடிதம் போட வேண்டாம்.

பொற்கொடி

பெரியநாயக்கன்பாளையம்
24-1-1996

என் கண்ணு பொற்கொடிக்கு,

போடாதே என்றாய், போடுகிறேன். இன்று காலை ஒரு தக்காளியை அணில் பாதி தின்றுவிட்டுப் போயிருந்தது. அணில் காயைத் தின்னாதே என்று சந்தேகம் வந்து மீதியை அறுத்தேன். உள்ளே முழுக்கப் பழம். வாயில் போட்டால் தேனாக இனிக்கிறது. அந்தப் பழத்தின் நிறமே ஆரஞ்சுதான் அம்மணி. எனக்குத் தெரிந்த நிறம் வரட்டும் என்று நான் காத்துக்கொண்டிருந்ததில், நல்ல பழமெல்லாம் மண்ணுக்குப் போய்விட்டது. உன்னையும் பஸ் ஸ்டாண்டில் நிற்க வைத்துவிட்டேன்.

செடியில் இன்னும் மூன்று இருக்கின்றன. கொண்டை ஊசி வளைவுகளில் நசுங்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ். ஒன்று ஜன்னத் அக்காவுக்கு.

என்னைப் பார்த்ததும் பெட்டியைக் கட்டிவிடாதே. உன்னைக் கூட்டிப்போக வரவில்லை. அந்த ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்கத்தான் வாரேன்.

உன்
கதிர்