ஷாமியானா கோடவுனும் இழுபட்ட நாடாவும்

மச்சா,

என் மகளிடம் ஒரு பிளாஸ்டிக் யானை இருக்கிறது. வயிற்றை அழுத்தினால் பாடும். நேற்று மாலை அதற்கு பேட்டரி தீர்கிற நேரம். கீச்சுக் குரலில் பாடிக்கொண்டிருந்தது மெல்ல மெல்ல இறங்கி, யாரோ தடியன் தூக்கக் கலக்கத்தில் பாடுவது போல ஆகிவிட்டது. சமையலறையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த நான் டம்ளரை வைத்துவிட்டு வந்து அந்த யானைக்கு முன்னால் உட்கார்ந்தேன். என் வலது கால் தானாகத் தரையைத் தட்டியது. அந்த வேகம் எனக்குத் தெரியும். உன் சித்தப்பாவின் டேப் ரெக்கார்டர் ஓடிய வேகம் அது.

நீ போய் ஆறு ஆடி ஆகிவிட்டது. மாரடைப்பு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். உன்னோடு பேச நினைப்பதையெல்லாம் இத்தனை நாள் எனக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தேன். நேற்று அந்த யானை எழுதவும் வைத்துவிட்டது.

ஜீவனஹள்ளியில் உன் சித்தப்பாவுக்கு ஷாமியானா கடை. கல்யாணம், காதுகுத்து, சாவு எதுவானாலும் பந்தலும் நாற்காலியும் மைக் செட்டும் அவரிடமிருந்துதான் போகும். நீ பகலெல்லாம் அங்கே வேலை பார்த்தாய். மூங்கில் மேல் ஏறிக் கயிறு கட்டிக் கட்டி உன் உள்ளங்கை செருப்புத் தோல் மாதிரி இருக்கும். மாலையானால் அதே கையில் கிதார். பள்ளிக்கூட நாளிலிருந்தே உன்னோடு ஒட்டிக்கொண்டிருந்த எனக்கு, காக்ஸ் டவுனில் வீட்டைக் காலி செய்து வெளிநாடு போன ஒரு குடும்பம் விட்டுச்சென்ற டிரம் செட் கிடைத்தது. அடிக்க ஒரு இடம் மட்டும் கிடைக்கவில்லை. கடைக்குப் பின்னால் இருந்த தகரக் கூரை கோடவுனைத்தான் உன் சித்தப்பா கொடுத்தார்.

அங்கேயும் ஒரு சிக்கல் இருந்தது. முகூர்த்த மாதங்களில் துணியெல்லாம் பந்தலுக்குப் போய்விடும். காலி கோடவுனில் நான் ஒரு அடி அடித்தால் அது தகரத்தில் பட்டு நாலு பக்கமும் எதிரொலிக்கும். எதிர் வீட்டிலிருந்து ஆள் வந்துவிடும். ஆடி பிறந்தால்தான் நமக்கு நிம்மதி. கன்னடக்காரர்கள் அதை ஆஷாடா என்பார்கள். அவர்களுக்கும் அந்த மாதத்தில் கல்யாணம் கிடையாது. சிவப்பும் மஞ்சளுமாகத் துணி முழுக்கக் கோடவுனுக்குத் திரும்பி, மடித்து மடித்துக் கூரை வரை ஏறி நிற்கும். அந்தத் துணி நம் சத்தத்தையெல்லாம் குடித்துவிடும். ஊரே நல்ல காரியங்களைத் தள்ளிப்போடும் மாதம்தான் நமக்கு சீசன். குழுவுக்குப் பெயர் வைக்க நாம் மண்டையை உடைத்துக்கொண்டபோது, "ஆஷாடான்னே வெச்சிடு மச்சா, அது வந்தாத்தான நமக்கு வாழ்க்கை" என்றாய்.

பாட்டைக் கொண்டுவந்தவன் நம் மூன்றாவது ஆள் நவாஸ். சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடைபாதையில் அவன் அண்ணன் கேசட் விற்றார். யாரோ வேண்டாமென்று கொடுத்துவிட்டுப் போன ஒரு வெளிநாட்டுக் குழுவின் கேசட்டை, அண்ணன் இந்தச் சத்தத்தைத் தன் கடையில் போடவே கூடாது என்று சொல்லிவிட்டதால், நவாஸ் நேரே கோடவுனுக்கு எடுத்து வந்தான். உன் சித்தப்பா ரேடியோவில் செய்தி கேட்க மட்டும் வைத்திருந்த டேப் ரெக்கார்டரில் அதைப் போட்டோம். முதல் நாளே நாடா சிக்கிக்கொண்டது. நவாஸ் பொறுமையில்லாமல் பிடித்து இழுத்தான். பென்சிலால் சுற்றிச் சரிசெய்து மறுபடி போட்டதும், அது பாடிய அழகில் நாம் மூன்று பேரும் வாயைப் பிளந்தோம்.

இரும்பு ஷட்டரை யாரோ மெதுவாக இழுத்து மூடுவது போல ஒரு கிதார். நடுவில் ஓர் இடத்தில் பாட்டு முழுவதும் திடீரென்று கீழே விழும். வேகம் பாதியாகும், சுருதி பாதாளத்துக்குப் போகும், பிறகு தட்டுத்தடுமாறி எழுந்து மறுபடி ஓடும். "இன்னாடா இது, பூமி எறங்குற மாதிரி இருக்குது" என்றாய். அந்தச் சுருதி கிடைக்க உன் கிதாரின் தந்திகளைத் தளர்த்தினாய், இன்னும் தளர்த்தினாய், அவை கொடிக்கயிறு மாதிரி தொய்ந்து நிற்கும் வரை. பந்தல் கயிறு இழுத்த கைக்கு அந்தத் தொய்வு சரியாகப் பொருந்தியது. நவாஸ் அடிவயிற்றிலிருந்து உறுமக் கற்றுக்கொண்டான். அவன் உறுமுவது எந்த மொழி என்று அவனுக்கே தெரியாது. ஒரு நாள் உன் சித்தப்பா வாசலில் நின்று ரொம்ப நேரம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஏம்ப்பா, அந்தப் புள்ளைக்குத் தொண்டையில ஏதோ அடச்சிருக்குது. ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போய்க் காட்டுங்க."

அந்த நடுப்பகுதியை எத்தனை ஆடி மாதங்கள் பழகியிருப்போம். மூன்று பேரும் ஒரே நொடியில் விழ வேண்டும், ஒரே நொடியில் எழ வேண்டும். நீ கிதாரின் கழுத்தைச் சற்றுத் தாழ்த்துவாய். அதுதான் எனக்குச் சைகை.

பிறகு சுரேஷ் வந்தான். வேலூரிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்கு வந்தவன். ஞாயிற்றுக்கிழமைகளில் பேஸ் கிதாரைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறி ஜீவனஹள்ளிக்கு வருவான். வந்த முதல் வாரமே முகத்தைச் சுளித்தான். அடுத்த வாரம் அதே பாட்டின் சி.டி.யையும் அதைப் போட ஒரு பிளேயரையும் கொண்டுவந்தான். அந்த நாளை என்னால் மறக்க முடியாது. பாட்டு குதிரை மாதிரி ஓடியது. கிதார் பளிச்சென்று மேலே நின்றது. நடுவில் எதுவும் விழவில்லை, எதுவும் எழவில்லை, நேரே ஓடி முடிந்துவிட்டது.

"ரெக்கார்டர்ல பெல்ட் லூசா இருக்குது, அதான் எல்லாம் மெதுவா ஓடியிருக்குது. நடுவுல நாடா நீண்டு போயிருக்குது. நீங்க அதையும் சேத்து மனப்பாடம் பண்ணிட்டீங்க" என்றான் சுரேஷ். அவன் கிண்டலாகச் சொல்லவில்லை. அதனால்தான் கூடுதலாக வலித்தது. நவாஸ் துணி மூட்டை மேல் போய்ப் படுத்துவிட்டான். எனக்கு அவமானமாக இருந்தது. நீ மட்டும் டேப் ரெக்கார்டரின் மூடியைத் திறந்து அந்த பெல்ட்டை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அந்தச் சமயத்தில்தான் கல்லூரி விழாப் போட்டி வந்தது. அதில் கவனத்தைப் பிடிக்கிற குழுவுக்கு, அரண்மனை மைதானத்தில் வெளிநாட்டுக் குழு பாடும் நிகழ்ச்சியில் முதலில் ஏறுகிற வாய்ப்பு உண்டு என்று பேச்சு. மற்ற குழுக்களெல்லாம் பெரிய பள்ளிக்கூடங்களில் படித்த பையன்கள். நமக்கு அது ஒன்றுதான் வாசல். உன் வீட்டிலோ, இந்த வருடத்தோடு கிதாரை மூட்டை கட்டிவிட்டுக் கடையை முழு நேரம் பார் என்று சொல்லிவிட்டார்கள். நீ சரி என்றும் சொல்லிவிட்டாய். அதனால் சி.டி.யில் இருந்தபடி எல்லாவற்றையும் திருத்தினோம். தந்திகளை ஏற்றிக் கட்டினாய். ஒரு பிழை இல்லாமல் வாசித்தோம். சித்தப்பா எட்டிப் பார்த்து, "இப்ப ரேடியோ மாதிரியே இருக்குதுப்பா" என்றார். அந்தப் பாராட்டு நம் ஒருவருக்கும் பிடிக்கவில்லை.

போட்டி அன்று பிற்பகல் வெயிலில் மேடைக்குப் பின்னால் காத்திருந்தோம். நமக்கு முன்னால் ஏறிய இரண்டு குழுவினரும் அதே பாட்டைத்தான் வாசித்தார்கள். இரு குழுவினரும் நம்மைவிட நன்றாகவே வாசித்தார்கள், ஒத்துக்கொள்ள வேண்டும். நீ எழுந்து நின்று தந்திகளைத் தளர்த்த ஆரம்பித்தாய்.

"இன்னா பண்ற?" என்றான் நவாஸ்.

"மூணாவது வாட்டியும் அதே பாட்டுன்னா கேக்குறவங்களுக்கு பேஜாராயிடும். நம்ம ரெக்கார்டர் பாட்டப் போடலாம்."

"தப்புன்னு தெரிஞ்சே பண்ணலாமா?" என்று கேட்டான் சுரேஷ்.

"இத்தினி வருசமா தெரியாம பண்ணோம். இன்னைக்கு ஒரு நாள் தெரிஞ்சு பண்ணுவோம். போனா கடைக்குப் போறேன், அவ்ளோதான" என்றாய்.   சுரேஷும் தன் தந்திகளைத் தளர்த்தினான். அன்றைக்குத்தான் அவன் நம் ஆள் ஆனான்.

அறிவிப்பாளர் எங்கிருந்து வருகிறீர்கள் என்று இங்கிலீஷில் கேட்டார். நவாஸ் "ஜீவனஹள்ளி" என்றான். அது எங்கே இருக்கிறது என்று அவர் கேட்டதற்குக் கூட்டம் சிரித்தது. பாட்டு தொடங்கியதும் இன்னும் சிரித்தது. "ஃபாஸ்ட் மாடு குரு" என்று, வேகமாக வாசிக்கச் சொல்லி, ஒருவன் கன்னடத்தில் கத்தினான். ஒரு தண்ணீர் பாட்டில் என் சிம்பல் மேல் வந்து விழுந்தது. நான் உன்னையே பார்த்தேன். நீ யாரையும் பார்க்கவில்லை. அந்த இடம் நெருங்கியது. கிதாரின் கழுத்தைத் தாழ்த்தினாய்.

நாலு பேரும் ஒன்றாக விழுந்தோம். மனப்பாடமான பாட்டு தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் கால் வைக்கப் படி இல்லாமல் போனது. முன்வரிசையில் தலைகளெல்லாம் ஒரே நேரத்தில் கீழே இறங்கியதைப் பார்த்தேன். கத்தியவன் வாய் திறந்தபடி நின்றான். எழுந்தபோது மைதானமே நம்மோடு எழுந்தது. பாட்டு முடிந்ததும் நீ திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாய். மச்சா, என் கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷப்படவில்லை. இதை என் மனைவியிடம் சொல்லிவிட்டேன், அவளும் மன்னித்துவிட்டாள்.

பரிசு நமக்கு இல்லை. மூலப் பாட்டிலிருந்து மிகவும் விலகிவிட்டது என்றார் நடுவர். ஆனால் அரண்மனை மைதான நிகழ்ச்சியை நடத்துகிறவர் பின்னால் தேடி வந்தார். "அந்த நடுப்பகுதி, அது நீங்க எழுதினதா?" என்று கேட்டார். நவாஸ் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தான். நீ முந்திக்கொண்டு, "ஆமா சார், நாங்கதான்" என்றாய். அவர் போன பிறகு நவாஸ், "பொய் சொல்ட்டியே" என்றான். "பொய் எங்க? அன்னைக்கு நாடாவப் புடிச்சு இழுத்தது உன் கைதான?" என்றாய்.

அதோடு அடுத்தவர் பாட்டை நிறுத்தினோம். "அவங்க பாட்டு அவங்ககிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, ஒரே ஆடியில் ஐந்து பாட்டு எழுதினாய். ஒவ்வொன்றிலும் பூமி இறங்கும் இடம் ஒன்று இருந்தது. நாம் வாசிப்பதற்கு மெட்டல்கோர் என்று ஒரு பெயர் இருப்பதையே சுரேஷ் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். வேகமாக ஓடி, நடுவில் இறங்கி மிதிப்பது அந்த இசையின் வழக்கமாம். நமக்கு அதை ஒரு பழுதான பெட்டி கற்றுக்கொடுத்திருந்தது.

அரண்மனை மைதானத்துக்கு உன் சித்தப்பா வேலையாட்களோடு வந்திருந்தார். மேடையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கம்பி கட்டுனது சரியில்ல. நம்மகிட்ட குடுத்திருந்தா சக்கத்தா பண்ணியிருப்பேன்" என்றார். என் பெரிய டிரம் அதிகமாக அதிர்கிறது என்று ஒலிக்காரர் சொன்னதும், தன் டெம்போ வண்டியிலிருந்து கிழிந்த சிவப்பு ஷாமியானாத் துணி ஒன்றை எடுத்து வந்து தானே சுருட்டி உள்ளே திணித்தார். அறிவிப்பாளர், "ஜீவனஹள்ளியிலிருந்து ஆஷாடா" என்றார். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. இருட்டுக்குள்ளிருந்து கூட்டம் நம் பெயரைத் திரும்பச் சொன்னபோது, உன்னைக் கடைக்கு வா என்று இனி ஒருபோதும் கூப்பிடப்போவதில்லை என்று என்னிடம் சொன்னவர் உன் சித்தப்பாதான். பந்தல் மூங்கில் மாதிரி நிமிர்ந்து நின்றார் மனிதர்.

பிறகு சென்னை, ஷில்லாங், இரண்டு இசைத்தட்டு, பையன்கள் தாங்களே அச்சடித்துப் போட்டுக்கொண்ட டி-ஷர்ட் எல்லாம் உனக்கே தெரியும். உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. இப்போது நம் பாட்டுகளைக் கல்லூரிப் பிள்ளைகள் வாசித்து இன்டர்நெட்டில் போடுகிறார்கள். அந்த இடம் வந்ததும் கிதாரின் கழுத்தைத் தாழ்த்துகிறார்கள், மச்சா. அது என்னைக் கூப்பிட நீ செய்த சைகை என்று அவர்களுக்குத் தெரியாது. பாட்டோடு சேர்ந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் யாரையும் திருத்தவில்லை. 

ஆடி மாதம் வந்தால் நவாஸ், சுரேஷ், நான் மூன்று பேரும் இன்றும் கோடவுனில் கூடுகிறோம். அந்தச் சிவப்புத் துணி இன்னும் என் டிரம்முக்குள் இருக்கிறது. நிறம் வெளுத்துவிட்டது, எடுக்க மனம் வரவில்லை. உன் பக்கம் காலியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்த இடத்தில் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமலே ஒன்றாக விழுகிறோம்.

நேற்று யானைக்குப் புது பேட்டரி போட்டேன். பாட்டு சரியான வேகத்தில் துள்ளி ஓடியது. மகள் அதைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"அப்பா, இது தப்பாப் பாடுது. முன்ன பாடுனதுதான் கரெக்ட்டு."

 புது பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பழையதையே போட்டேன். யானை இரண்டு வரி இழுத்துப் பாடிவிட்டு நின்றுபோனது. மீதிப் பாட்டை, நானும் அவளும் தரையைத் தட்டிக்கொண்டு, அந்த வேகத்திலேயே பாடி முடித்தோம்.